சந்தனம் பூசிய லாரி

எனக்கு அந்த லாரியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டு படிக்க வேண்டாம். ரப்பர் விலை விழுந்து, பினாங்கில் பாதிப் பேர் வேலையில்லாமல் திரிந்த வருடங்கள் அவை. எங்கள் வீட்டில் மூன்று வேளையும் உலை கொதித்தது அந்த லாரியால்தான். ஆங்கிலப் பள்ளியில் நான் சீனியர் கேம்பிரிட்ஜ் வகுப்பு வரை வந்ததும் அதனால்தான். அப்படியும் பிடிக்காது.

அப்பா அதை ஒரு தோட்டத்திலிருந்து பழையதாக வாங்கினார். தன்னோடு லாரியில் போக ஆள் வேண்டுமென்று அண்ணனை நாலாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினார். பிறகு அவர் காய்ச்சலில் போய்விட, லாரி அண்ணன் கைக்கு வந்தது. துறைமுகத்துக் கிட்டங்கிகளில் அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பாலிக் பூலாவ் கடைகளுக்குப் போவார். திரும்பும்போது தேங்காயும் சாதிக்காயும் ஏற்றி வருவார். தெலுக் கும்பாரைத் தாண்டினால் மலையேற்றம். அந்த ஏற்றத்தில்தான் லாரி உட்காரும்.

உட்கார்ந்தால் அண்ணன் பள்ளிக்கு ஆள் அனுப்புவார். சாமான் வாங்கிக்கொண்டு போக, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்ற, ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்ற நான் வேண்டும். வாசலில் ஆள் வந்து நின்றதுமே ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "போ, உன் லாரி அழுகிறது, பால் கொடுத்துவிட்டு வா" என்பார். முப்பது பையன்களும் சிரிப்பார்கள். மறுநாள் என் பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். மண்ணெண்ணெயில் கழுவினாலும் என் நகத்திலிருந்து கறுப்பு போகாது. அந்தச் சிரிப்பின் கோபத்தையெல்லாம் நான் ஆசிரியர் மேலும் பையன்கள் மேலும் வைக்கவில்லை, லாரி மேல் வைத்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது தீவுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில். பெண்ணின் தகப்பனார் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, அண்ணியை லாரியின் முன் இருக்கையில் உட்கார வைத்து, பின்னால் நாங்கள் இருபது பேர் நின்றுகொண்டு திரும்பினோம். பெர்ரித் துறைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது முன்பக்கம் புசுபுசுவென்று ஆவி கிளம்பி லாரி நின்றுவிட்டது. ரேடியேட்டரிலிருந்து போகும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. பழைய குழாய், வெடிக்க வேண்டிய காலம் வந்து வெடித்தது. பட்டுச்சேலையோடு எல்லாரும் சாலை ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றார்கள்.

அம்மா மணப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன வருசம் ஓடின வண்டி. இவ கால வச்சா, நின்னு போச்சு" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. அண்ணி காதில் விழவேண்டும் என்றே சொன்னார்.

அன்றிலிருந்து லாரிக்கு எது வந்தாலும் அண்ணி கணக்கில்தான். டயர் பஞ்சரானால் அண்ணி. மழையில் சரக்கு நனைந்தால் அண்ணி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் தானாக உடைந்த குடத்துக்கும் மருமகள்தான் பொறுப்பு. அண்ணி பதில் பேச மாட்டார். பத்தொன்பது வயது. தோட்டத்தில் வளர்ந்தவர். பட்டணத்தில் எதற்கு எது காரணம் என்று அவருக்குத் தெரியாது. தன் ராசியால்தான் வண்டி நிற்கிறது என்று அவரே நம்பிவிட்டார். நம்பியதும் அதற்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

அப்பா காலத்தில் வெள்ளிக்கிழமை ரேடியேட்டர் மேல் தகட்டில் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைப்பதோடு சரி. அண்ணி லாரிக்கு முகம் முழுவதும் பூசினார். செவ்வாயும் வெள்ளியும் விடியும்போதே குளித்துவிட்டு, மஞ்சள்தூளும் சந்தனத்தூளும் கலந்து ஒரு கிண்ணம் குழைப்பார். உள்ளங்கையால் அள்ளி, ரேடியேட்டரின் தேன்கூடு போன்ற கண்களின் மேல் அழுத்தி அழுத்தி அப்புவார். முதலில் தண்ணீரில்தான் குழைத்தார். பினாங்கு மழை ஒரே நாளில் கழுவிவிட்டது. "சாமிக்குப் பூசுனது நிக்க மாட்டேங்குதே" என்று கவலைப்பட்டு, நல்லெண்ணெயில் குழைக்கக் கற்றுக்கொண்டார். அது நின்றது. நன்றாகவே நின்றது. அதன் மேல் ஒரு சாமந்தி மாலை, கற்பூரம், கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட வேண்டுதல்.

எங்கள் வழக்கத்தில் சாமிக்குப் பூசியதைச் சுரண்டக் கூடாது. தானாக உதிர்ந்தால் உதிரலாம். அண்ணன் லாரியைக் கழுவும்போது முகத்தை விட்டுவிட்டு மற்றதைத்தான் கழுவுவார். ஏற்றத்தில் கொதிப்பது அதிகமானபோது, டத்தோ கிராமட் சாலையில் பட்டறை வைத்திருந்த சீனரிடம் கொண்டுபோனோம். அவர் குழாயை மாற்றினார், விசிறியின் பெல்ட்டை மாற்றினார், எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டை இரண்டு முறை மாற்றினார். ஒரு தடவை ரேடியேட்டர் பக்கம் கம்பியோடு கையை நீட்டினார். அண்ணன் பதறிப்போய், "தவுக்கே, ஜாங்கான், ஜாங்கான்! சாமி!" என்றார். முதலாளி, வேண்டாம், இது சாமி என்று மலாயில். அந்தச் சீனர் பட்டறைக் கதவிலும் சிவப்புக் காகிதம் ஒட்டி ஊதுபத்தி ஏற்றியிருந்தார். சாமி என்றால் அவருக்கும் புரியும். கையை எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். மரியாதை தெரிந்த மனிதர். எங்களைக் கெடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

சரிசெய்த லாரி பத்து நாளில் மறுபடியும் கொதிக்கும். அம்மா வாயைத் திறப்பார். அண்ணி இன்னும் கொஞ்சம் சந்தனம் சேர்ப்பார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

லாரி கொதித்ததற்குக் காரணம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிறு மத்தியானம் லாரிக்குக் காவலாக என்னை விட்டுவிட்டு அண்ணன் சாப்பிடப் போனார். கையில் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று இருந்தது. சும்மா இருக்க முடியாமல் ரேடியேட்டரின் ஒரு கண்ணில் அதை விட்டுக் குத்தினேன். மறுபக்கம் வரவில்லை. வேறொரு கண், அதிலும் வரவில்லை. பலமாகக் குத்தியதும் பென்சில் துண்டு போல ஏதோ உள்ளே விழுந்தது. எடுத்து முகர்ந்தேன். சந்தனம். எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து சூட்டில் வெந்து செங்கல்லாகியிருந்தது. காற்று உள்ளே போய் வருவதற்குத்தான் அந்தக் கண்கள், காற்று போனால்தான் தண்ணீர் ஆறும் என்று அந்த மாதம்தான் வகுப்பில் படித்திருந்தேன். நூறு கண்ணில் பத்துகூடத் திறந்திருக்கவில்லை. எஞ்சினுக்கு ஒரு நோயும் இல்லை. மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு மலையேறச் சொன்னால் யார் ஏறுவார்கள்?

வாளி வெந்நீர், ஒரு கட்டி சோப்பு, அரை நாள். அவ்வளவுதான் தேவை. வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால், அண்ணனுக்கு லாரி, அம்மாவுக்கு வாய்ப்பூட்டு, அண்ணிக்கு நிம்மதி.

நான் கம்பியைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். லாரி ஓடினால் பரீட்சை முடிந்த மறுநாள் அண்ணன் என்னைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொள்வார், அதில் சந்தேகமே இல்லை. "ரெண்டு பேரு ஓட்டுனா ரெண்டு நடை அடிக்கலாம்டா" என்று அடிக்கடி சொல்வார். லாரியை விற்றால் அந்தப் பணத்தில் நான் சிங்கப்பூர் போய்க் கல்லூரியில் சேரலாம். அப்பாவின் சொத்தில் பாதி எனக்கும் உண்டல்லவா? இதையெல்லாம் அங்கேயே, அண்ணன் சாப்பிட்டு வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். எனக்குக் கணிதம் நன்றாக வரும்.

சும்மா இருந்ததோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி கிண்ணத்தோடு வந்தார். "தம்பி, சந்தனத்தூள் தீரப்போவுது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். நான் வாங்கி வந்தேன். வழக்கமாக வாங்குவதைப்போல் இரண்டு பங்கு வாங்கினேன். அடுத்த செவ்வாய் அவர் பூசும்போது பக்கத்தில் நின்று, "ஓரத்துல விட்டுட்டீங்க அண்ணி. அங்கேயும் நல்லா அழுத்தி வைங்க" என்றேன்.

அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் பூசைக்குத் துணை நின்றவன் நான் ஒருவன்தான். "படிக்கிற புள்ளைக்கு எவ்ளோ பக்தி பாருங்க" என்று அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

ஐந்தாவது வாரம் தெலுக் கும்பார் ஏற்றத்தில் லாரி கடைசியாக உட்கார்ந்தது. கேஸ்கட் மறுபடியும் போய்விட்டது. எஞ்சின் கறுப்பாகக் கக்கியது. டூரியான் காலம். பாலிக் பூலாவிலிருந்து திரும்பும் நடை அது. பழம் முழுவதும் வெயிலில் வாய்பிளந்து நாறியது. அண்ணன் ஒரு மாட்டு வண்டிக்காரரைப் பிடித்து, மாடுகளை லாரிக்கு முன்னால் பூட்டி, தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கோலத்தில் பட்டணம் வரை வந்தார். நான் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பினாங்கு ரோட்டில் ரிக்‌ஷாக்காரர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணே, மாட்டுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று ஒருவன் கத்தினான். லாரியின் முகத்தில் காலையில் அண்ணி போட்ட மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் நேராகப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். என் வகுப்புப் பையன்கள் இருவர் பக்கத்தில் இருந்தார்கள். நான் ஒரு கடைக்குள் நுழைந்து, லாரி கடந்து போகும்வரை எதையோ விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது ஒரு பஞ்சாயத்து. அண்ணன் கை கழுவாமலேயே தரையில் உட்கார்ந்தார். அண்ணி அடுப்படி வாசலில் நின்றார். அம்மா நடுவில்.

"போதும்" என்றார் அம்மா. "வண்டி இருக்கிற வரைக்கும்தான் இவள வச்சுப் பாத்தேன். வண்டி போச்சுன்னா இவளும் போவட்டும். அவ அப்பன் வீட்டுல கொண்டு விட்டுட்டு வா."

"அம்மா, சும்மா இரு. அதெல்லாம் அவ என்னா பண்ணுவா? பழைய சாமான்" என்றார் அண்ணன். அன்றுவரை அவர் ஒருமுறைகூட அண்ணியைக் குறை சொன்னதில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், எனக்கு ஒண்ணும் புரியல. ரிப்பேரு செஞ்சுகிட்டே இருக்கேன், மறுபடியும் மறுபடியும் கொதிக்குது. நீ படிச்சவன். நீ சொல்லு. இன்னொரு தடவ செய்யட்டுமா, வித்துத் தள்ளிரட்டுமா? நீ சொல்றததான் செய்வேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அம்மா சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. லாரி போனால் தானும் போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அவர் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நம்பிக்கை இருந்தது. பூசைக்குத் துணை நின்ற தம்பி அல்லவா?

"எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும்ண்ணே" என்றேன். "இனிமே அதுல போடுற காசு கடல்ல போடுறது. தள்ளிடுங்க."

எஞ்சின் பிளாக் என்று ஆங்கிலத்தில் சொன்னதால் அது தீர்ப்பாகிவிட்டது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் கைகழுவிக்கொண்டு பாடம் படிக்கப் போனேன். அன்று நன்றாகவே படித்தேன்.

அக்கரையில் பன்றி வளர்க்கும் ஒரு தவுக்கே வந்து, இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து லாரியை இழுத்துப் போனார். அடுத்த வாரம் அண்ணியும் அதே பெர்ரியில் அக்கரைக்குப் போனார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று அண்ணன் சொன்னார். அண்ணி ஒரு தகரப் பெட்டியும் அந்தச் சந்தனக் கிண்ணமும் எடுத்துக்கொண்டார். அண்ணன் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனார். இருபத்தெட்டு வயதில் முதல்முறையாக. லாரி ஓட்டிய கைக்கும் மூட்டை தூக்குகிற முதுகுக்கும் சம்பந்தமில்லை. ஒரு மாதத்தில் நடையே மாறிவிட்டது. அக்கரையிலிருந்து அண்ணியைத் திரும்பக் கூட்டி வரும் பேச்சை அவர் எடுக்கும்போதெல்லாம் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

நான் தேறினேன். லாரி விற்ற பணத்தில் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால், "அண்ணிகிட்ட சொல்லிட்டுப் போடா, அவதான் ஒனக்காக அவ்ளோ வேண்டிகிட்டா" என்று அண்ணன் என்னைச் சிம்பாங் அம்பாட்டுக்கு அழைத்துப் போனார்.

நாற்சந்தியில் இறங்கி ஒரு கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பன்றிகளின் கத்தல் கேட்டது. நிமிர்ந்தால் எங்கள் லாரி. இரட்டைப் பாரம் ஏற்றி, ஆவியில்லாமல், இருமலில்லாமல் வந்து கடை எதிரில் நின்றது. அண்ணன் காப்பியைப் போட்டுவிட்டு ஓடினார். லாரியின் முகம் முழுவதும் பித்தளையாகப் பளபளத்தது. ஒவ்வொரு கண் வழியாகவும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"எஞ்சின் மாத்தினியா? பிளாக் மாத்தினியா?" என்று அரைகுறை மலாயில் டிரைவரிடம் கேட்டார்.

அந்தச் சீன டிரைவருக்குச் சிரிப்பு. கேஸ்கட் ஒன்று போட்டோம் என்றான். பிறகு ரேடியேட்டரைத் தட்டி, "இனி சூச்சி சாஜா லா" என்றான். இதைக் கழுவினோம், அவ்வளவுதான். எவ்வளவு மண் வந்தது என்று இரண்டு கையையும் குவித்துக் காட்டினான். வாசனையான மண் என்று மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

தோட்டத்து லய வீடுகளை நோக்கி அண்ணன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அண்ணி எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். அண்ணன் நின்ற இடத்திலேயே, "ஒன் கைதாண்டி" என்றார். "ஒன் கைதான் என் வண்டிய கொன்னுச்சு. அம்மா சொன்னது சரிதான். அம்மா சொல்லும்போது நான்தான் முட்டாளு மாதிரி ஒனக்குப் பரிஞ்சு பேசுனேன்."

உண்மை வெளிவந்தால் குற்றமில்லாதவர் தப்பிப்பார் என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அண்ணிமேல் அதுவரை இருந்தது வெறும் ராசி. ராசியை யாரும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. இப்போது இரண்டு கை நிறையச் சாட்சி கிடைத்துவிட்டது. அண்ணன் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அண்ணி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. பிறகு என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீங்க பக்கத்துலேயே நின்னீங்களே. படிச்சவங்க. ஒங்களுக்கு இது தெரியலியா?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அண்ணனும் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் என்னை அடித்திருப்பார், சிங்கப்பூர் போயிருக்கும், அண்ணி அன்றே எங்களோடு பெர்ரி ஏறியிருப்பார்.

"இல்ல அண்ணி" என்றேன். "எங்களுக்கு அப்ப அந்தப் பாடம் வரல."

அவர் தலையாட்டினார். நம்பினார். கிளம்பும்போது வழக்கப்படி குனிந்து, திருநீறு பூசிவிடச் சொன்னேன். அண்ணி உள்ளே போய்ச் சம்புடத்தை எடுத்து வந்தார். திருநீற்றை எடுத்து என் நெற்றிவரை கொண்டுவந்தவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, சம்புடத்தை என் பக்கம் நீட்டினார்.

"நல்ல காரியத்துக்குப் போறீங்க தம்பி" என்றார். "என் கை வேணாம். நீங்களே பூசிக்குங்க."

நானே பூசிக்கொண்டேன்.